அடிப்பிடித்த சோறும் ஆண்டுக் கூட்டமும்

போன வியாழக்கிழமை, ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் மகள் வீட்டில், சோறு அடிப்பிடித்துவிட்டது. என் மனைவி மேர்சி பானையை அடுப்பில் வைத்துவிட்டு, லண்டனிலிருக்கும் தமக்கையோடு தொலைபேசியில் கதைக்கப் போனவள்தான். மகள் வாங்கிவைத்த மின்சாரக் குக்கர் மூலையில் சும்மா இருக்கிறது. அதில் அவிவது சோறே இல்லை என்பது மேர்சியின் முடிவு. கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்த புகைமணி அலறியது. இந்த வீட்டில் அப்படி ஏழு மணிகள் உண்டு. ஒன்று அலறினால் மற்ற ஆறும் ஒத்து ஊதும். பேத்தி துவாயால் மணிக்கு விசிறியபடி, “அம்மப்பா, டோன்ற் ஜஸ்ற் ஸ்ராண்ட் தெயர், ஜன்னலைத் திறவுங்கோ!” என்று கத்தினாள்.

நான் ஜன்னலைத் திறக்கவில்லை. மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

அடிப்பிடித்த சோற்றின் மணம் உங்களுக்கு எதை நினைவூட்டுமோ தெரியாது. எனக்கு அது அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் நிர்வாக ஒழுங்கை நினைவூட்டும். சிரிக்காதீர்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் தமிழருக்குள் கிறிஸ்தவர் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் பெரும்பகுதி கத்தோலிக்கர். எஞ்சியவர்களை இன்னும் இரண்டு மூன்றாகப் பிரித்தால், ஒரு ஓரத்தில் நாங்கள் நிற்போம். இங்கிலாந்துத் திருச்சபையின் வழி வந்தவர்கள். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் முதலில் குடியிருந்த அப்பார்ட்மென்ற் லிஃப்ரில் யாராவது விசாரிப்பார்கள். “ஞாயிறு றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டை வான் ஒண்டு போகுது, இடம் கிடக்கு, வாறியளோ அண்ணை?” நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள் என்றால், “அப்ப மாதா கோயிலோ? அதுக்கும் ஆக்கள் போகினம்.” அதுவும் இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு இரக்கம் வரும். “உதுக்கும் இஞ்ச ஆக்கள் இருக்கினமோ?”

இருந்தோம். என்னுடைய கணக்கில் ஆரம்பத்தில் நாலு குடும்பம்.

மேர்சி ஊரில் கோயில் பாடகர் குழுவின் முதல் வரிசையில் நின்று பாடியவள். அவளுடைய தம்பி ஒருநாள் சைக்கிளில் வெளிக்கிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. அதோடு பாட்டு நின்றுபோயிற்று. கனடாவுக்கு வந்தும் அப்படித்தான். சமைப்பாள், துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். குசினியில்கூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை. நான் ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே, கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் பெட்டிக்குள் எண்ணி அடுக்கும் தொழிற்சாலையில் வேலை. தொழில் அவ்வளவாக மாறவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இராது. பனிக்கும் வாடகைக்கும் பயப்படாத நான் அதற்குப் பயந்தேன்.

ஒரு தை மாத ஞாயிறு, அவளை ஒருவாறு வெளிக்கிடுத்தி, கென்னடி வீதியில் பஸ் ஏறி, ஒரு செங்கல் தேவாலயத்துக்குப் போனோம். வாசற்கதவைத் திறந்ததுமே பித்தளைக்குப் பூசும் பொலிஷ் மணம், மெழுகு மணம், ஈரமான கம்பளிக் கோட்டு மணம், நிலவறையிலிருந்து ஏறிவந்த கோப்பி மணம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு நீள மர வாங்குகள். வந்திருந்த வெள்ளைக்கார முதியவர்கள் வாங்குக்கு ஒருவர் என்று தள்ளித் தள்ளி இருந்தார்கள். மூன்றாவது பாட்டுக்கு ஓர்கன் தொடங்கியபோது அது எங்கள் பள்ளிக்கூடத்து மெட்டு. சொற்கள்தான் வேறு. எனக்குப் பக்கத்தில் ஒரு குரல் எழும்பியது. மேர்சி தமிழில் பாடிக்கொண்டிருந்தாள்.

முன் வாங்கிலிருந்த ஒரு மூதாட்டி திரும்பிப் பார்த்தார். சத்தத்தைக் குறையுங்கள் என்று சொல்லப்போகிறார் என நினைத்து நான் கோட்டுக்குள் சுருண்டேன். அவர் தன்னுடைய பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். ஆராதனை முடிந்ததும் எங்களிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி. “உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?”

என்னிடம் வந்து ஒருவர் எண்ணிக்கை கேட்கிறார்! அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் பெயர் டொரத்தி. அந்தக் கோயிலின் வார்டன்.

வார்டன் என்றால் என்ன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மேர்சி இந்த இடத்தில் எழும்பிப் போய்விடுவாள், நீங்கள் இருங்கள். மேலே பேராயர். ரொறன்ரோ மறைமாவட்டம் பெரியது என்பதால் அவருக்குத் துணையாகப் பகுதிப் பேராயர்கள். அவர்களுக்குக் கீழே ஊர் ஊராய்த் திரிந்து ஒழுங்குபடுத்தும் மூத்த குரு ஒருவர், ஆர்ச்டீக்கன். கடைசியில் பங்கு, அதாவது ஒரு கோயிலும் அதன் சனங்களும். பங்குக்கு ஒரு குருவும் இரண்டு வார்டன்களும். ஒரு வார்டனைக் குரு நியமிப்பார், மற்றவரைச் சனங்கள் தேர்ந்தெடுப்பார்கள். டொரத்தி சனங்களின் வார்டன். கூரை ஒழுகினாலும் அவர், குருவோடு சண்டை என்றாலும் அவர்.

இந்த ஒழுங்கு எனக்குப் புதிதில்லை. ஊரிலும் இதே ஏணிதான். ஆனால் எங்கள் பேராயர் கொழும்பில் இருந்தார். அவர் ரயிலேறி வந்து எங்கள் தலைகளில் கைவைத்து சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் கொடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது; உள்ளங்கை சூடாக இருந்தது. அதற்கு முந்திய காலத்தில் எங்கள் தீவுக்குப் பேராயரே இல்லை. முதலில் கல்கத்தாப் பேராயருக்குக் கீழே கிடந்தோம், பிறகு சென்னைக்குக் கீழே. ரொறன்ரோவும் அப்படித்தான், கியூபெக் பேராயருக்குக் கீழே கிடந்தது. பிறகு கனடாவில் ரொறன்ரோவைப் பிரித்தார்கள், ஆறு வருடம் கழித்து அங்கே கொழும்பைப் பிரித்தார்கள். ஆகவே ரொறன்ரோ அக்கா, கொழும்பு தங்கை. இதை ஒருமுறை டொரத்தியிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் நீங்கள் உறவுக்காரர் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர்கள்” என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் பின்னால் இவ்வளவு சோறு கருகியிராது.

ஒரு வருடத்துக்குள் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு எங்களுக்குத் தமிழ் ஆராதனை கிடைத்தது. ஓய்வுபெற்ற தமிழ்க் குருவானவர் ஒருவர் மிஸிஸாகாவிலிருந்து வந்து நடத்தினார். நாலு குடும்பம் முப்பதைத் தாண்டியது. மேர்சி ஓர்கனுக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் குரல் வீட்டுக்கும் எங்களோடு பஸ்ஸில் வந்தது. திங்கட்கிழமை காலையில் குசினியிலிருந்து ஒரு வரி கேட்டது. நான் பல் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மறைமாவட்டத்துக்குத் தெரியவேண்டும். தமிழ் ஆராதனைக்குத் தலை எண்ணும் பொறுப்பை டொரத்தி எனக்குத் தந்தார். அன்று மாலை தொலைபேசியில் கேட்பார். நானும் சந்தேகங்கள் கேட்பேன். “நித்திரை கொண்டவர்களையும் சேர்ப்பதா?” “எங்கள் பக்கத்தில் அவர்களைக் கழித்தால் யார் மிஞ்சுவது? சேருங்கள்.” “கைக்குழந்தை?” “மூச்சு விடுகிறதா? அப்போது எண்ணுங்கள்.” கடைசியில், “இன்றைக்கு மேர்சி என்ன பாடினா?” என்று கேட்காமல் வைக்கமாட்டார்.

இனி ஆண்டுக் கூட்டம். வருடத்துக்கு ஒருமுறை, பெப்ரவரியில், காலை ஆராதனை முடிந்ததும் பங்கின் சனங்கள் எல்லாரும் கூடுவார்கள். வார்டன் தெரிவு, கூரை, கொதிகலன் என்று எல்லாவற்றுக்கும் கைதூக்கி வாக்கெடுப்பார்கள். கூட்டத்துக்குப் பிறகு சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை நாங்களே சமைப்பது என்று முதல் வருடத்திலேயே முடிவெடுத்தோம். இடம் தந்தவர்களுக்கு வேறு என்ன செய்வது? காலையிலேயே நிலவறைக் குசினிக்குள் இறங்கிவிடுவோம். தலைமை புஷ்பம் அக்கா. ஊரில் பள்ளிக்கூட விடுதியில் பிள்ளைகளுக்குச் சமைப்பித்தவ. மஞ்சள் சோறு, உறைப்புக் குறைத்த கோழிக்கறி, பற்றிஸ். அதோடு முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிப் பொரித்த அந்தத் தடித்த றோல். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் மிதிவெடி. டொரத்தி அதில் பைத்தியம். “இதற்கு என்ன பெயர்?” என்று வருடாவருடம் கேட்பார். தேவாலயத்துக்குள் நின்று எப்படிச் சொல்வது? “எக் றோல்” என்பாள் மேர்சி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

கூட்டம் நடக்கும்போது நாங்கள் மேலே போவதில்லை. வீட்டுக்காரர் தங்கள் குடும்ப விஷயம் கதைக்கும்போது விருந்தாளி முற்றத்தில் இறங்கி நிற்பதுதானே மரியாதை? ஒருவரும் எங்களை மேலே வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவரும் கூப்பிடவும் இல்லை. ஏழு வருடம் அப்படிப் போயிற்று.

எட்டாவது வருடம் கோயில் வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். கோயிலை மூடி, அடுத்த பங்கோடு சேர்வதா என்று அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. காலைச் சனம் மெலிந்துவிட்டது, கூரைக்குப் புதுத் தகடு வேண்டும், ஆர்ச்டீக்கன் நேரில் வருகிறார். அடுத்த பங்குக் கோயிலில் பிற்பகல் நேரம் ஏற்கெனவே வேறொரு சபைக்குக் கொடுத்தாயிற்று. எங்களுக்கு அங்கே இடமில்லை.

அந்த வாரம் மேர்சி குசினியில் பாடவில்லை. நான் ஒவ்வொரு நாளும் காது கொடுத்துப் பார்த்தேன்.

கூட்டத்தன்று புஷ்பம் அக்கா வழமையைவிட இரண்டு கறி கூட வைத்தா. இன்னொரு கறி வைத்தால் கோயில் தப்பிவிடும் என்பது போல. கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு, கடைசியில் இனிப்புக்கு ஒரு வட்டிலப்பமும். தலைக்கு மேலே வாங்குகள் கிறீச்சிடும் சத்தம். யாரோ நெடுநேரம் பேசினார். பிறகு இன்னொருவர்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் மேர்சி, “மேல போய் என்னெண்டு கேளுங்கோவன்.”

“அது அவையின்ர வீட்டுக்கதை. நாங்கள் போய் மூக்கை நுழைக்கேலாது.”

“மாஸ்ரர் எண்ணுறதுக்குத்தான் சரி அம்மா, கதைக்கிறதுக்குச் சரிவராது,” என்றா புஷ்பம் அக்கா. “உவரை விடும். அந்த அகப்பையைத் தாரும்.”

“எனக்குப் பேசத் தெரியாதெண்டில்லை அக்கா. முறை ஒண்டு இருக்கு.”

“உங்கட முறையோட நாங்கள் ஒரு ஸ்கூல் பேஸ்மென்ற், ஒரு பாங்குவெற் ஹோல், ஒரு ஆளின்ர கராஜ் எண்டு திரிஞ்சது காணாதே?”

உண்மைதான். ஞாயிறு ஆராதனை கிடைக்குமுன் கூட்டுப் பிரார்த்தனைக்கு அப்படித்தான் திரிந்தோம். அப்போது படியில் காலடிச் சத்தம். ஒரு படி, ஓய்வு. ஒரு படி, ஓய்வு. டொரத்தியின் இடுப்பு அப்போது சரியில்லை. கதவில் பிடித்தபடி நின்று எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

“வாக்கெடுக்கப் போகிறார்கள். நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?”

“சமைக்கிறோம்,” என்றேன். வேறென்ன சொல்வது?

“ஏழு வருடமாக, பங்கு விஷயத்தில் உங்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்தோம். தங்கள் ஆராதனையோடு திருப்தியாக இருக்கிறார்கள், தொந்தரவு செய்யக்கூடாது என்று.”

“இது எங்கள் கூட்டம் இல்லை என்று நினைத்தோம்,” என்றேன். “உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று.”

அவர் கவிழ்த்துவைத்திருந்த பால் பெட்டியில் பொத்தென்று இருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “மாஸ்டர்,” என்றார், எங்கள் ஆட்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். “நீங்கள் ஞாயிறு தோறும் தரும் எண்ணிக்கையை நான் என்ன செய்கிறேன் என்று நினைத்தீர்கள்? எங்களுடையதோடு கூட்டிப் பேராயருக்கு அனுப்புகிறேன். அவரிடம் இந்தப் பங்குக்கு ஒரே தொகைதான். பதினாறு வயதுக்கு மேல், இங்கே ஒழுங்காக ஆராதிக்கிற, வேறு பங்கில் வாக்களிக்காத எவருக்கும் வாக்கு உண்டு. அடுப்பை அணையுங்கள்.”

நான் தமிழில் சொன்னேன். மேர்சி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். புஷ்பம் அக்கா மட்டும், “சோறு இன்னும் அஞ்சு நிமிசம்” என்றா. “அக்கா, வாங்கோ!” என்று மேர்சி அவவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவசரத்தில் சோற்றடுப்பை மற்றவர் அணைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

நாங்கள் மாவும் மஞ்சளும் படிந்த கைகளோடு பக்கக் கதவால் நுழைந்தபோது கூட்டம் திரும்பிப் பார்த்தது. கோட்டுப் போட்டுக் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் எழும்பி, மரியாதையாகத்தான் கேட்டார், இவர்களுக்கு வாக்கு உண்டா என்று. ஆர்ச்டீக்கன் மறைமாவட்டச் சட்டத்தைத் திறந்து அந்தப் பகுதியை வாசித்தார். நீளமான பகுதி. வாசித்து முடித்து மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “உண்டு” என்றார். கழுத்துப்பட்டிக்காரர் தலையாட்டி இருந்தார். இருந்ததோடு நில்லாமல், தன் வாங்கில் தள்ளி எங்களுக்கு இடமும் விட்டார்.

நான் பேசுவேன் என்று புஷ்பம் அக்கா எதிர்பார்த்திருப்பா. நான் பேசவில்லை. எழும்பியது மேர்சி. வந்த நாளிலிருந்து நாலு பேருக்கு முன்னால் ஆங்கிலத்தில் வாய் திறக்காதவள். “நான் இங்கே பாடுகிறேன்,” என்றாள். “வேறு எங்கேயும் எனக்குப் பாட வரவில்லை.” அவ்வளவுதான். இருந்துவிட்டாள்.

வாக்கை எண்ண இரண்டு பேர் வேண்டும் என்றார் குரு. டொரத்தி என்னைக் கை காட்டினார். மற்றவர் கழுத்துப்பட்டிக்காரர். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கமாக நடந்து எண்ணினோம். நான் மூன்று தரம் எண்ணினேன், என்னை நம்பாமல். மூன்றாம் தரம் முடிந்தபோது அவர் என் காதோடு, “எனக்கும் அதே எண்தான்” என்றார். அந்த எண் இன்றைக்கும் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். தோற்றவர்களும் அன்று எங்களோடு இருந்து சாப்பிட்டார்கள். கோயில் மூடப்படவில்லை என்பது போதும்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. முதலில் லேசாக, பிறகு படிவழியாகக் கறுத்துத் திரண்டு. “ஐயோ, என்ர சோறு!” புஷ்பம் அக்கா ஓடிய ஓட்டத்தில் ஆர்ச்டீக்கன் வழிவிட்டு ஒதுங்கினார். பித்தளைப் பொலிஷையும் மெழுகையும் தோற்கடித்து, கோயில் முழுவதும் அடிப்பிடித்த சோற்று மணம். மேல்பாதி தப்பியது. கழுத்துப்பட்டிக்காரர் சோற்றுக்கு இரண்டாம் தரம் கோப்பையை நீட்டினார். புகை வாசம்தான் விசேஷம் என்றார். அடியில் கருகியதை மேர்சியும் டொரத்தியும் ஒரு கரண்டியால் சுரண்டித் தின்றதை நான் கண்டேன்.

அடுத்த வருடத்திலிருந்து டொரத்தி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கூட்டம் தொடங்குமுன் குசினி வாசலுக்கு வந்து, “கீழே யாராவது இருக்கிறீர்களா? மேலே வாருங்கள்” என்பார். இடுப்பு முற்றாக விட்டபிறகு அந்த வேலை எனக்கு வந்தது. பிறகு அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். நாங்கள் போகும்போதெல்லாம் மேர்சி அந்த றோல் பொரித்துக் கொண்டுபோவாள். கடைசிக் காலத்தில் ஒருநாள், “இப்போதாவது உண்மைப் பெயரைச் சொல்லு” என்றார். மேர்சி சொன்னாள், அர்த்தத்தோடு. டொரத்தி கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆண்டவர் வீட்டில் இத்தனை வருடம் கண்ணிவெடி தின்றிருக்கிறேன்,” என்றார். தாதி ஓடிவரும் அளவுக்கு இருமி இருமிச் சிரித்தார்.

அவரும் போனார். புஷ்பம் அக்காவும் போய்விட்டா. எங்கள் குடும்பங்கள் வீடு வாங்கி மார்க்கம், ஏஜாக்ஸ், விட்பி என்று நகர்ந்தன. மூன்று மணிக்கு வருபவர்கள் மெலிந்தார்கள். கூரை மறுபடி ஒழுகியது. கடைசியில் கோயிலை மூடவும் ஒரு ஆண்டுக் கூட்டம் நடந்தது. அந்த முறை கை தூக்கியவர்கள் பெரும்பாலும் நாங்களே. அழுதுகொண்டுதான் தூக்கினோம், ஆனால் எங்கள் வீட்டை நாங்களே மூடினோம், ஒருவரும் எங்களை வெளியேற்றவில்லை. அதற்காக டொரத்தியை நினைத்து நன்றி சொன்னேன். என்னை எண்ணச் சொன்னார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி எழும்புகிறது. எத்தனை மாடி என்று நான் பார்க்கவில்லை என்றால் மேர்சி நம்பமாட்டாள். பார்த்தேன், ஆனால் எண்ணவில்லை.

இப்போது விட்பியில் ஒரு சின்னக் கோயிலுக்குப் போகிறோம். நல்ல சனம். மேர்சியை முதல் மாதமே பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பெப்ரவரி அங்கேயும் ஆண்டுக் கூட்டம். எல்லாரும் வந்து இருந்தார்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்தே திரையில் வந்தார்கள். நான் பழக்கத்தில் படியிறங்கிக் குசினிக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். ஆறு அடுப்புகள், துடைத்த மினுக்கத்தோடு, குளிர்ந்துபோய். பானை இல்லை, மாவு இல்லை, மணமில்லை. சாப்பாடு கடதாசிப் பெட்டிகளில் மேலேயே வந்துவிட்டதாம். மேலே வாங்கோ என்று கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை.

தலைக்கு மேலே ஓர்கன் தொடங்கியது. தரைப்பலகைக்கூடாக மேர்சியின் குரல் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டு ஏறிப்போனேன்.